வேற கிரகத்து ஆளுங்க மாதிரி

என் வயசுக்காரர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இந்தியில் ஒரு வார்த்தை தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை பூரா இந்தி பார்த்தோமே, நமக்கு அதில் என்னதான் புரிந்தது? பாட்டு வந்தால் சிரித்தோம், யாராவது அழுதால் மூக்கை உறிஞ்சினோம். மீதிக் கதையைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் சொல்லியிருப்பார். அவருக்கும் இந்தி தெரிந்திருக்காது. அதை நாம் விசாரித்ததில்லை. விசாரிக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

எங்கள் ஊரில் அப்படிக் கதை சொன்னவள் என் அக்கா. ஊர், கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவில், ரயில் பாதைக்குக் கிழக்கே இருந்தது. ஏரிப் பாசனம், நெல், ஊரைச் சுற்றிக்கொண்டு போய்க் கடைசியில் பழவேற்காட்டு ஏரியில் விழும் ஒரு கால்வாய். மேற்கே பார்த்தால் ஃபேக்டரிகள். ஒரு தீபாவளிக்கும் அடுத்த தீபாவளிக்கும் இடையில் புகைக்குழாய்கள் கூடிக்கொண்டே போயின. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு, அக்கா ப்ளஸ் ஒன். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம், அதனால் இங்கேயும் நைனா என்றே எழுதுகிறேன். அப்பா என்று எழுதினால் வேறு யார் வீட்டு மனுஷரையோ சொல்கிற மாதிரி இருக்கிறது.

நைனா நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தவர். அவருடைய அண்ணன், எங்கள் பெரியப்பா, தன் பாகத்தைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, அதே கம்பெனிக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர் ஆகியிருந்தார். ஊரின் முதல் டிவி அவர் வீட்டில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாஷ்டாவை அரைகுறையாக விழுங்கிவிட்டு, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் அவர் வீட்டுக் கூடத்தில் இடம் பிடிக்க ஓடுவோம். மர ஷட்டர் போட்ட டிவி அது. பெரியம்மா அந்த ஷட்டரை இரண்டு பக்கமும் தள்ளித் திறக்கும்போது, சாமிக்குத் திரை விலக்குகிற மரியாதையோடு எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம்.

நான் சொல்லப் போகிற தொடரின் பெயர் மறந்துவிடவில்லை. பெயரே எங்களுக்குத் தெரியாது. அதை 'வெள்ளிச் சட்டை' என்போம். அதில் வருகிறவர்களுக்குத் தலை முதல் கால் வரை வெள்ளி நிறத்தில் உடுப்பு, முகத்துக்கு முன்னால் வட்டக் கண்ணாடி. அவர்கள் வரும்போதெல்லாம் ஙொய்ங் என்று ஒரு சத்தம் எழும், பெரியப்பா வீட்டு நாய் எழுந்து வெளியே போய்விடும். அவர்கள் வந்திறங்கிய வண்டி தகரத்தில் செய்து பெயின்ட் அடித்தது என்று இன்றைக்குப் பார்த்தால் குழந்தைகூடச் சொல்லும். அன்றைக்கு எங்களுக்கு அது ஆகாயத்திலிருந்துதான் இறங்கியது.

அக்கா டிவிக்குப் பக்கவாட்டில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு டீச்சர் வீட்டில் ஆறு மாதம் இந்தி எழுத்துப் படித்திருந்தாள், அது போதும் என்று ஊர் நினைத்தது. அவள் சொன்ன கதை இதுதான். இவர்கள் வேறொரு கிரகத்து ஆட்கள். அங்கே தண்ணீர் கெட்டுவிட்டது. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தாடி வைத்த ஒருவர் மட்டும் இவர்களை நம்பாமல் பின்தொடர்கிறார். தாடிக்கு ஒரு மகள். அந்த மகளுக்கு அக்கா மிக நல்ல வசனங்களாகப் பார்த்துக் கொடுத்தாள் என்பது எனக்கு அப்போதே லேசாகத் தெரியும்.

கதை ஆகாயத்தில் நடந்தது. கேட்டவர்கள் ஆகாயத்தில் இல்லை. பெரியம்மாவுக்கு, அந்த ஊரில் பெண்களும் கால்சட்டை போட்டால் மாமியார் எப்படி அடையாளம் தெரிவாள் என்பது பெரிய சந்தேகம். ஏற்கெனவே நிலம் கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டுக்காரர், வெள்ளிச் சட்டைக்காரர்கள் தாசில்தாரைப் பார்த்தார்களா என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். நைனா பின்னால் சுவரோரம் நின்றுதான் பார்ப்பார். இவ்வளவு பெரிய வண்டி செய்யத் தெரிந்தவர்கள் எதற்காகப் பிறத்தியார் மண்ணுக்கு வரணும் என்று ஒருநாள் கேட்டார். அவங்க மண்ணு செத்துப்போச்சு நைனா என்றாள் அக்கா. "உப்பு ஏறியிருக்கும்" என்றார் நைனா. கடலுக்குப் பக்கத்தில் நெல் போடுகிறவருக்கு மண் சாவதற்கு வேறு காரணம் தோன்றாது. விஞ்ஞானக் கதை என்றால் வரப்போகிற காலத்தைச் சொல்வது என்று பிற்பாடு புத்தகங்களில் படித்தேன். எங்கள் கூடத்தில் அது அந்த வருஷத்துக் கதையாகத்தான் ஓடியது.

அக்காவுக்கு இந்தப் பைத்தியம் டிவியோடு வந்ததில்லை. டூரிங் டாக்கீஸில் தமிழ் பேசும் வெள்ளைக்காரப் படம் ஒன்று வந்தது. அதில் செவ்வாயிலிருந்து வந்த ஆள் சுத்தமான மெட்ராஸ் பாஷையில் மிரட்டுவான். ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி பஜாரில் பழவேற்காட்டுக்காரரான ஒரு பாய் துணிக்கடை வைத்திருந்தார். கடைக்குள் ஒரு மூலையில் வாடகைக்குக் கதைப் புத்தகங்கள். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அக்கா அங்கே நின்று, அட்டை கிழிந்த ராக்கெட் கதையாகப் பார்த்துப் பொறுக்கி வருவாள். கைலித் துணி வாசனையும் பழைய தாள் வாசனையும் கலந்த அந்தப் புத்தகங்களை நானும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். இப்போது ஒன்றுகூட வீட்டில் இல்லை.

ப்ளஸ் டூ முடித்தால் மெட்ராஸில் காலேஜ், தினமும் ரயிலில் போய் வரலாம் என்று நைனா அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பௌதிகம் படிக்கப் போவதாக அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்கள் வயலை ஒட்டித்தான் ரயில் போகும். ரயில் போகும்போதெல்லாம் அவள் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா கம்பெனி சூப்பர்வைசரைக் கோழிக் குழம்புச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் கொஞ்சம் பேசுவார். அவருக்கு நாற்காலி போட்டு டிவிக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். அக்கா வழக்கம்போலச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்தார், கொஞ்ச நேரம் அக்காவைப் பார்த்தார், பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அவன் வெளி ஆள் இல்லே. இதே ஊர் ஆள்தான். பின்னால் வர்ற காலம், அங்கேருந்து வந்தான்," என்றார்.

கூடத்தில் யாருக்கும் உடனே ஒன்றும் விளங்கவில்லை. பெரியப்பாதான் முதலில் புரிந்துகொண்டு தொடையில் தட்டினார். "இன்னாம்மா, இம்மாம் நாளா எங்களுக்கு ரீல் உட்டுக்கினு இருந்தியா?"

அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் கொஞ்சம் கோபமும் இருந்தது, ஏனென்றால் பல வாரமாக அவர்கள் தாடியின் மகளுக்காகக் கவலைப்பட்டிருந்தார்கள். நான் பாத்ததத்தான் சொன்னேன் என்று அக்கா முணுமுணுத்தது பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் கேட்டது. எழுந்து போய்விட்டாள். மறுநாள் தண்ணிக்குப் போன இடத்தில் அவளுக்கு 'ரீலு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இதில் எல்லாம் எங்கள் ஊர் ரொம்பச் சுறுசுறுப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா டிவி பார்க்க வரவில்லை. அன்றைக்குப் பார்த்துப் பெரியப்பா டிவியையே தூக்கிவந்து வாசலில் பந்தல் போட்டு வைத்திருந்தார். கூடத்தில் இடம் பத்தலியாம், ஊர் பூரா பார்க்கட்டுமாம். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கடலை உருண்டை வேறு. வயலில் காவல் இருக்கிற கிழவர்கள், மாடு மேய்க்கிறவர்கள் எல்லோரையும் ஆள் விட்டு அழைத்தார். என்ன தாராளம் என்று அம்மாகூட மெச்சிக்கொண்டாள். நான் இரண்டு உருண்டை வாங்கினேன்.

தொடர் முடிந்து வீட்டுக்கு வந்தால் அக்கா சமையல் கட்டில் அம்மாவுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தாள். பாவாடை முட்டி வரைக்கும் நனைந்து சேறு. அவள் மேல் வாழைப்பழ வாசனை அடித்தது. பழத்தின் வாசனை இல்லை, ஐஸ்காரன் போடுவானே எசன்ஸ், அந்த வாசனை. எனக்கு அது பிடித்திருந்தது.

"கால்வாயாண்ட லாரி நின்னுச்சிமா. தலையோட மூடுன டிரஸ்சு, மூஞ்சில கண்ணாடி. டிவில வர்றாங்களே, வேற கிரகத்து ஆளுங்க மாதிரி. பீப்பா பீப்பாவா குழில உருட்டி மண்ணத் தள்ளி மூடுனாங்க," என்றாள்.

அவள் 'மாதிரி' என்று சொன்னாள். நான் கேட்டேன். அம்மாவும் கேட்டாள். ஆனால் அம்மா பெரியம்மாவிடம் சொல்லி, பெரியம்மா குழாயடியில் சொல்லி, சாயங்காலம் பேச்சு திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்தபோது அந்த வார்த்தையைக் காணோம். வேற கிரகத்து ஆளுங்களப் பாத்துச்சாமே உங்க பொண்ணு என்று கேட்டார்கள். அவ்வளவுதான். ஒரு சின்ன வார்த்தை விழுந்துபோனதில் அக்கா பொய்க்காரியும் ஆனாள், பைத்தியமும் ஆனாள். அவளைக் குற்றம் சொல்லி என்ன? முகமூடியும் முழு உடுப்பும் போட்ட மனுஷரை எங்களில் யாரும் அதற்கு முன்னால் கண்டதில்லை. அந்த உருவத்தைச் சொல்ல அவளிடம் இருந்தது ஒரு டிவி தொடரும் நாலு வாடகைப் புத்தகமும்தான்.

நைனாவிடம் அவளே நேரில் சொன்னாள். நைனா குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்: "உன்ன யாரும் பாக்கலியே?"

இல்லை என்றாள். சரி, போய்ச் சாப்புடு என்று அனுப்பிவிட்டார். வயசுப் பெண் தனியாக வயலில் இருந்தாளே என்கிற கவலை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பா அன்று சாயங்காலமே வந்தார். புஸ்தகம் படிச்சிப் படிச்சி பொண்ணுக்குத் தல பேஜாராயிடுச்சி, வெளியில உட்டா ஊரு சிரிக்கும், கொஞ்ச நாள் ஊட்டோட வெச்சுக்கினு இரு என்று தம்பிக்குச் சொன்னார். நைனா தலையாட்டினார். மறுநாளிலிருந்து அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. பரீட்சைக்கு மட்டும் போவேன் என்று அழுதாள், பார்க்கலாம் என்றார்கள். நம் வீடுகளில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

அம்மாவுக்குக் கிரகம் என்றால் ஒன்பதுதான். மகள் வாயில் கிரகம் வந்துவிட்டது, அப்போது கிரகம்தான் பிடித்திருக்கிறது என்று கணக்குப் போட்டு ஜோசியரிடம் ஓடினாள். ஜோசியரும் ஆமாம் என்றார். ஏழரை, அதுவும் நடுப்பகுதி. முதலில் ஒரு பூசாரியை வரவழைத்து மந்திரித்தார்கள். எலுமிச்சம்பழத்தை அறுத்து அக்காவின் தலையைச் சுற்றிப் போட்டார், வேப்பிலையால் முகத்தில் அடித்தார். மெதுவாக அடித்திருக்கலாம். அடிக்கிற ஒவ்வொரு முறையும் யாரைப் பார்த்தே, சொல்லு என்று கேட்டார். கடைசியில் அக்கா யாரையும் பார்க்கல என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார். நைனா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை தோறும் கோயிலில் நவக்கிரகம் சுற்ற வேண்டும். துணைக்கு நான். எள் விளக்குப் புகையில் கண் எரியும், கல் தரை பிசுபிசுவென்று எண்ணெயாக இருக்கும். ஒரு சுற்றில் அக்கா சனிக்கு முன்னால் நின்று, "புஸ்தகத்துல இவுருக்கு வளையம் இருக்கும்டி. இங்க காக்கா மட்டும்தான் கீது," என்றாள். நான் வெடித்துச் சிரித்துவிட்டேன், அவளும் சிரித்தாள். அந்தப் பருவத்தில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் இருந்த வாடகைப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். உங்க அக்கா ஏன் வர்றதில்ல என்று பாய் கேட்டார். ரகசியம் காக்கிற வயசா அது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வேறு கிரகத்து ஆட்கள் மாதிரி என்பதையும் சேர்த்துத்தான். கேட்டவர்களில் சிரிக்காத ஒரே ஆள் அவர். பீப்பா என்ன கலர் என்று கேட்டார். நீலம்னு அக்கா சொன்னிச்சி என்றேன். அந்தக் கால்வாய் எந்தப் பக்கமா ஓடுது பாப்பா என்று அடுத்துக் கேட்டார். உங்க ஊருக்குத்தான் பாய் என்றேன். அவருடைய தம்பிமார்கள் பழவேற்காட்டில் இறால் வியாபாரம். கையிலிருந்த அளவுகோலைக் கீழே வைத்தார்.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை நன்றாகப் பிடித்தது. கால்வாய் பொங்கி வயலில் ஏறி இறங்கியது. இறங்கிய பிறகு பார்த்தால் கரை ஓரத்து நாற்று மட்டும் மஞ்சளாகி, பிறகு துருப்பிடித்த நிறமாகி, இழுத்தால் வேரோடு வழுக்கிக்கொண்டு வந்தது. எங்கள் கிணற்றில் அந்த வாழைப்பழ வாசனை வந்துவிட்டது. முதல் இரண்டு நாள் நாங்கள் பிள்ளைகள் சொம்பு சொம்பாக மொண்டு முகர்ந்து பார்த்து விளையாடினோம். மூன்றாம் நாள் எருமை வாயில் நுரை தள்ளிச் செத்தது. எங்கள் கன்று போட்ட எருமை. அதற்கப்புறம் யாரும் விளையாடவில்லை. ஊரார் மழையைத் திட்டினார்கள், எங்கள் வீட்டைப் பிடித்த ஏழரையைத் திட்டினார்கள். அக்கா சொன்னதை நினைத்துப் பார்த்தவர்கள் இருந்திருக்கலாம். வாய்விட்டு ஒருத்தரும் சொல்லவில்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு மாப்பிள்ளை நிச்சயம் ஆகிவிட்டது. எண்ணூர்ப் பக்கம் வேலை, நல்ல மனுஷர். இந்தக் கிரகக் கதை அவர்கள் காதுக்குப் போகும் முன் முடித்துவிட வேண்டும் என்று பெரியப்பா ஓடியாடி ஏற்பாடு செய்தார். பத்திரிகை வந்த அன்று அக்கா தன் பௌதிகப் புத்தகத்துக்கு ஏன் இன்னும் அட்டை போடவில்லை என்று என்னைக் கடிந்துகொண்டாள். பள்ளிக்கூடம் போவோம் என்று அவள் கடைசி வரை நம்பிக்கொண்டிருந்தாள் என்பதை இப்போது நினைத்தால் என்னவோ செய்கிறது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு பகல் வேளையில் பாய் தன் மொபெட்டில் ஒரு அதிகாரியைப் பின்னால் உட்கார வைத்து அழைத்துவந்தார். எத்தனை ஆபீஸ் படி ஏறினாரோ தெரியாது. அதிகாரி பையிலிருந்து கண்ணாடிப் பாட்டில்களை எடுத்து வைத்து, கிணத்துத் தண்ணி மாதிரி எடுக்கணும் என்றார்.

அம்மா குழம்பிப்போனாள். "தண்ணி மாதிரின்னா இன்னா சார்? அது தண்ணி இல்லியா?"

நான் மட்டும் சிரித்தேன். அதிகாரி பொறுமையாக விளக்கினார். மாதிரி என்றால் கொஞ்சமாக எடுத்துப்போய்ப் பரிசோதிப்பது, சாம்பிள் என்றார். பாட்டிலை நிரப்பி மூடி போட்டு எழுதி ஒட்டினார். பிறகு நைனாவிடம், எங்கேயோ எதையோ புதைத்திருக்கிறார்கள் என்று இவர் சொல்கிறார், இத்தனை பெரிய வெளியில் எங்கே என்று தோண்டுவது, பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இடத்தைக் காட்டட்டும் என்றார். உங்க பெரிய பொண்ணு பாத்துச்சின்னு கேள்விப்பட்டேன் அண்ணே என்று பாய் மெல்லச் சொன்னார்.

அக்கா உள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். நிலைப்படியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் எனக்குத் தெரிந்தன. கூப்பிட்டால் வந்துவிடுவாள். ஒரே ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதும்.

"அது டிவி பாத்துட்டு ஒளறுச்சி பாய். யாரும் பாக்கல சார்," என்றார் நைனா.

அதிகாரி பாட்டில்களோடு போய்விட்டார். பாய் போகும்போது நைனாவைப் பார்க்கவில்லை. அந்தப் பாட்டில்களில் என்ன இருந்தது என்று எங்கள் ஊருக்கு யாரும் வந்து சொல்லவில்லை.

இப்போது அக்கா வள்ளூர்ப் பக்கம் இருக்கிறாள், பேரன் எடுத்தாயிற்று. ஜன்னலைத் திறந்தால் அனல் மின் நிலையத்துப் புகைக்குழாய் தெரியும், திறக்காவிட்டாலும் சாம்பல் வந்துவிடும். பேரன் செல்போனில் நாள் பூரா விண்வெளிப் படமாகப் பார்க்கிறான், அவள் பக்கத்தில் போய் உட்கார்வதில்லை. போன வருஷம் 'வெள்ளிச் சட்டை' தொடர் இணையத்தில் என் கண்ணில் பட்டது, கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. உட்கார்ந்து பார்த்தேன். சூப்பர்வைசர் சொன்னது சரிதான், அவர்கள் வெளி ஆட்கள் இல்லை. ஆனால் கதை சவசவ என்றிருந்தது. தாடியின் மகள் நாலு பகுதி முழுக்க ஒரு வார்த்தை பேசவே இல்லை. அக்கா சொன்னதுதான் நல்ல கதை. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, எனக்கும் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. தொடரின் சுட்டியை அவளுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதாக நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

அதிகாரி போன அந்தப் பகலில் நடந்த மீதியை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார், பெரியப்பாவும் இல்லை, இனி சொல்லலாம். மொபெட் சத்தம் அடங்கியதும் அக்கா வெளியே வந்தாள். நைனாவுக்கு எதிரில் நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"நைனா, நான் பொய் சொன்னன்னு நெஜமாவே நெனச்சீங்களா?" என்று கேட்டாள்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் பொய் நன்றாக வராது, அன்றைய பங்கை அதிகாரியிடமே சொல்லி முடித்துவிட்டார்.

"இல்லம்மா. அன்னிக்கே தெரியும். எடம் காட்டுனதே நான்தான். உப்பு மாதிரி ஒண்ணு, மழ பேஞ்சா கரைஞ்சிடும்னாரு உங்க பெரிப்பா."

பெரியப்பா சொன்ன 'மாதிரி'யை நைனா அப்படியே நம்பியிருக்கிறார். உப்பு மண்ணை என்ன செய்யும் என்று அவரைவிடத் தெரிந்தவர் ஊரில் இல்லை, இருந்தும் நம்பினார். அண்ணன் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை என்று வளர்ந்தவர். அப்புறம் எருமை செத்தது, தெரிந்துவிட்டது. சொன்னால் அண்ணன் கம்பி எண்ண வேண்டும், இவரும் எண்ண வேண்டும், கல்யாணம் நிற்கும். இதையெல்லாம் எனக்கு நானே பல வருஷம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு நைனாவை ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கும் பிடிக்கும். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

"அப்போ எனக்கு இன்னாத்துக்கு நைனா மந்திரிச்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டார். அக்கா உள்ளே போய் உலைக்கு அரிசி களைந்தாள்.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. சமையலுக்கும் கை கழுவவும் எங்கள் கிணற்றுத் தண்ணீரையே எடுத்துக்கொள்ளலாம், வாசனை குறைந்துவிட்டது என்று பெரியப்பா ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நைனா யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. விடியும் முன்பே வண்டி கட்டிக்கொண்டு கவரைப்பேட்டைக்குப் போய்ப் பீப்பாய்களில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்து இறக்கினார். மணையில் உட்கார்ந்து, மகள் கையை மாப்பிள்ளை கையில் வைத்து, அந்தத் தண்ணீரால் தாரை வார்த்துக் கொடுத்தார்.